சமவெளியைச் சுமந்தா மலையேறுவது?

சித்திரைத் திங்கள் பிறந்து கத்திரி வெயில் நெருங்கியதும் தமிழகத்துக் குடும்பங்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். "இந்த ஆண்டு எந்த மலைக்குப் போகலாம்?" என்பதே அப்பேச்சு. வேலூரிலும் திருச்சியிலும் ஈரோட்டிலும் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டும் நாள்களில், இரவிலும் சுவர் சுடும் வீட்டில், மின்விசிறியின் வெங்காற்றில் உறக்கமின்றிப் புரளும் குழந்தைகளைக் காணும் பெற்றோர் மலையை நினைப்பதில் வியப்பொன்றும் இல்லை. பள்ளிகளுக்கு விடுமுறை. வளைகுடா நாடுகளில் உழைக்கும் தந்தையர் பலர் விடுப்பில் ஊர் திரும்பும் காலமும் அதுவே. ஆண்டு முழுவதும் தொலைபேசிக் குரலாகவும் சிறு திரையில் தோன்றும் முகமாகவும் மட்டுமே இருந்த வாப்பா, சில வாரங்கள் கண்ணெதிரே இருக்கிறார். குடும்பம் முழுமையாகக் கூடியிருக்கும் அந்தச் சில வாரங்களில் இரண்டு மூன்று நாள்களை மலைக்கென ஒதுக்குவது நல்ல வழக்கம், வரவேற்கத்தக்க வழக்கம்.

ஆனால், அரிதாகக் கிடைக்கும் அந்த இரண்டு மூன்று நாள்களை நாம் எவ்வாறு கழிக்கிறோம்? ஆழ்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். சமவெளியின் வெப்பத்தை மட்டுமே நாம் அடிவாரத்தில் விட்டுச் செல்கிறோம். அதன் இரைச்சலையும் அவசரத்தையும் அடுப்படியையும் குப்பையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டே மலையேறுகிறோம். அவற்றையும் கீழே விட்டுச் சென்றாலன்றி, மலை நமக்குத் தரக்கூடிய பயனில் பத்தில் ஒரு பங்கும் கிட்டாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இலக்கியம் காட்டும் மலை

தமிழ் இலக்கணம் மலையையும் மலை சார்ந்த இடத்தையும் குறிஞ்சி என்றது. அதற்கு உரிய பெரும்பொழுதாகத் தொல்காப்பியர் கூறுவன கூதிரும் முன்பனியும். வேனிலோ பாலைக்கு உரியது. ஆகவே, கோடை வெப்பத்துக்கு அஞ்சி மலையேறுதல் என்னும் வழக்கத்தைத் திணை இலக்கணம் பேசவில்லை. சங்கப் புலவர்க்கு மலை என்பது தப்பி ஓடி ஒளியும் இடமன்று. மக்கள் வாழும் நிலம். அங்கே தினை விளையும், தேன் சொரியும், புனம் காக்கும் பெண்கள் கிளி ஓட்டுவர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயரை அடுக்கிக் காட்டுகிறார் என்றால், மலையை வண்டியின் சாளரம் வழியே பார்த்துச் சென்றவரால் அது இயலுமா? காலால் நடந்து, நின்று, குனிந்து, முகர்ந்து பார்த்தவர்க்கே அப்பெயர்கள் வசப்படும்.

குடும்பத்தோடு மலைக்குச் சென்ற செய்தி நம் இலக்கியத்தில் இல்லாமலும் இல்லை. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் அத்தகைய பயணம் ஒன்றைக் கூறுகிறது. சேரன் செங்குட்டுவன் தன் தேவி வேண்மாளுடன் மலைவளம் காணப் புறப்படுகிறான். பேரியாற்றங்கரை மணலில் தங்குகிறான். அங்கே மலைவாழ் குறவர்கள் தம் நிலத்துப் பொருள்களைச் சுமந்து வந்து அவனைக் காண்கின்றனர். வேங்கை மர நிழலில் தாம் கண்ட ஒரு பெண்ணைப் பற்றி அவனிடம் கூறுகின்றனர். அரசன் அதற்குச் செவி சாய்க்கிறான். உடனிருந்த சாத்தனார் அவள் வரலாற்றை எடுத்துரைக்கிறார். அவளுக்குக் கோயில் எடுக்க வேண்டும் என்று அரசியே விரும்புகிறாள். மலைக்குப் போன மன்னன் மலைவாழ் மக்களின் சொல்லைக் கேளாமல் காட்சியை மட்டும் கண்டு திரும்பியிருந்தால் வஞ்சிக் காண்டமே பிறந்திராது!

பாலை நிலமாகிய அரபு நாட்டைப் பாடப் புகுந்த உமறுப்புலவரும், சீறாப்புராணத்து நாட்டுப் படலத்தில், மலையில் பொழிந்த மழை வெள்ளமாய் இறங்கி நாட்டை வளப்படுத்துவதாகவே தமிழ் மரபு வழுவாமல் பாடினார். மலை வாழ்ந்தால்தான் நாடு வாழும் என்னும் எண்ணம் தமிழ்ப் புலவர் நெஞ்சில் அத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது.

கோடை வாசம் வந்த வழி

இன்று நாம் மேற்கொள்ளும் கோடை மலைப்பயணம் வெள்ளையர் ஆட்சியில் உருவான வழக்கம். கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819ஆம் ஆண்டில் நீலகிரியின் உச்சியை அடைந்தார். பின்னர் உதகையில் கல் வீடு கட்டினார். மதுரையில் பணியாற்றிய அமெரிக்கச் சமயப் பணியாளர்கள் 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளை எழுப்பினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசே கோடைதோறும் உதகைக்குக் குடிபெயர்ந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், உதகை வரை 1908இலும் மலை இரயில் ஓடத் தொடங்கியது.

வெப்பத்தை விட்டு உயரத்தை நாடுதல் வெள்ளையர்க்கு மட்டும் உரியதன்று என்பதும் உண்மையே. மக்கா நகரத்து மக்கள் பன்னெடுங்காலமாகக் கோடையில் தாயிப் மலை நகரை நாடி வந்துள்ளனர். ஆயினும் நம் நாட்டில் அவ்வழக்கம் ஆள்வோர் சிலருடைய உரிமையாகவே நெடுங்காலம் இருந்தது. அவர்கள் மேலே குளிர் காய்ந்தனர். அவர்களுடைய பெட்டிகளைச் சுமந்து மேலே சென்றவர்கள் நம் முன்னோர்.

அந்நிலை மாறிவிட்டது. இன்று ஆசிரியரும், தோல் பதனிடும் தொழிலாளியும், மளிகைக் கடைக்காரரும், வாகன ஓட்டுநரும் தம் மனைவி மக்களோடு மலைக்குச் செல்கின்றனர். இது மகிழ்ச்சிக்குரிய மாற்றம். "கூட்டம் பெருகிவிட்டது, ஏழை எளியவரெல்லாம் ஏன் மலைக்கு வரவேண்டும்?" என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. குளிர்ந்த காற்று யாருக்கும் தனிச் சொத்தன்று. ஆனால், ஆண்டவர்களிடமிருந்து பயணத்தைப் பெற்றுக்கொண்ட நாம், மலையைச் சுகப் பொருளாக மட்டும் காணும் அவர்களுடைய பார்வையையும் சேர்த்தே பெற்றுக்கொண்டோமோ என்று ஐயுறுகிறேன்.

வாகனமா? கால்களா?

கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்பது அறிவியல். மேட்டுப்பாளையத்துக்கும் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகைக்கும் இடையே ஏறத்தாழ 12 பாகை வேறுபாடு இருப்பது இதனாலேயே. சேலத்திலிருந்து 1,515 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டுக்கு ஏறினால் எட்டுப் பாகை அளவு குறையும். இக்குளிர்ச்சிக்கு நாம் கட்டணம் எதுவும் செலுத்துவதில்லை. உயரம் இலவசமாகத் தருகிறது. இதை நுகர்வதற்கு வெளியில் இருந்தால் போதும்.

ஆனால் நாம் வெளியிலா இருக்கிறோம்? ஒரு குடும்பத்தின் மலைப்பயண நிரலை எண்ணிப் பாருங்கள். இரவெல்லாம் வேனில் பயணம். விடியலில் விடுதி. பத்து மணிக்கு மீண்டும் வேன். ஒரே பகலில் எட்டு இடங்களைக் காட்டிவிடுவதாக ஓட்டுநர் வாக்களிக்கிறார். இடத்துக்கு இடம் வாகன நெரிசல். ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, பத்து நிமிடம் இறங்கி, நிழற்படம் எடுத்து, மீண்டும் ஏறுகிறோம். மாலையில் கணக்கிட்டால், வண்டிக்குள் இருந்தது ஆறு மணி நேரம். மண்ணில் கால் பதித்தது ஒரு மணி நேரம்கூட இல்லை.

வகுப்பறையில் குறிஞ்சித் திணையைக் கற்பிக்கும்போது, கொடைக்கானலுக்குச் சென்று வந்தவர் யார் என்று நான் கேட்பதுண்டு. பாதிக்கு மேற்பட்ட கைகள் உயரும். அங்கே என்ன கண்டீர்கள் என்று கேட்டால், ஒவ்வொரு 'பாயிண்ட்'டின் பெயரும் வரிசையாக வரும். அங்குள்ள ஒரு மரத்தின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் வகுப்பு அமைதியாகிவிடும். இது மாணவர்களின் குறையன்று. நாம் அவர்களை அழைத்துச் சென்ற முறையின் குறை.

நெரிசலின் அளவை நீதிமன்றமே கவனிக்க வேண்டியதாயிற்று. கோடையில் நீலகிரிக்குள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 வாகனங்கள் நுழைகின்றன என்னும் செய்தி 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. அதன் ஆணைப்படி அவ்வாண்டு மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்ல 'இ-பாஸ்' கட்டாயமாயிற்று. 2025ஆம் ஆண்டுக் கோடைக்கு வரம்பே விதிக்கப்பட்டது. நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. அரசுப் பேருந்திலும் இரயிலிலும் செல்வோர்க்கு இவ்வரம்பு இல்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். ஆணையின் உட்பொருள் தெளிவு: மலை மனிதரைத் தாங்கும், இத்தனை வாகனங்களைத் தாங்காது.

நடப்பதற்கு இடமில்லை என்று எவரும் சொல்ல இயலாது. கொடைக்கானல் ஏரி 1863இல் உருவாக்கப்பட்டது. அதைச் சுற்றிவரும் பாதை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். பாட்டியோடும் பேரக் குழந்தையோடும் மெல்ல நடந்தால் ஒரு காலைப் பொழுது இனிதே கழியும். 1872இல் அமைக்கப்பட்ட கோக்கர்ஸ் வாக் என்னும் மலை விளிம்புப் பாதையில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் சமவெளி முழுவதும் காலடியில் விரியும். உதகையின் தாவரவியல் பூங்கா 1848இல் தோன்றியது. அதை நிதானமாகச் சுற்றிப் பார்க்க அரை நாள் வேண்டும். கொல்லிமலையில் ஏறத்தாழ ஆயிரம் படி இறங்கினால் ஆகாய கங்கை அருவி. இறங்கியவர் மீண்டும் ஏறியாக வேண்டும் என்பதால், இளைஞர்க்கு அது நல்ல உடற்பயிற்சியும் ஆகும்! ஒரு நாளைக்கு ஓர் இடம். அந்த இடத்தில் நடை. இப்படி அமைத்துக்கொண்டால் இரண்டு நாள் பயணமும் நெஞ்சில் நிலைக்கும்.

அடுப்படியும் மலையேறுகிறது

இனி நான் கூறப்போவது நம் வீட்டுப் பெரியவர்களின் சிறப்புக் கவனத்துக்கு உரியது.

நம் சமுதாயக் குடும்பங்கள் மலைக்குப் புறப்படும்போது வண்டியில் முதலில் ஏறுவது எது? தேக்சா, எரிவாயு அடுப்பு, அரிசி மூட்டை, மசாலாப் பொட்டலங்கள், தேநீர்க் கெண்டி. வெளியுணவு ஒத்துக்கொள்ளாது; ஹலால் உணவு எங்கே கிடைக்குமோ தெரியாது; முப்பது பேர் கொண்ட குடும்பத்துக்கு உணவகத்தில் செலவு கட்டுப்படியாகாது. இக்காரணங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் அடுப்பு ஏறும்போது அதனோடு யார் ஏறுகிறார் என்று எண்ணிப் பார்த்தோமா?

ஆண்டின் முந்நூற்று அறுபது நாளும் அடுப்படியில் நின்ற உம்மா, மீதமுள்ள நாள்களில் மலை மேலும் அடுப்பின் முன்னே நிற்கிறார். ஆண்கள் அருவியில் குளிக்கச் செல்கின்றனர்; பிள்ளைகள் படகில் செல்கின்றனர்; பெண்கள் வெங்காயம் அரிகின்றனர். எல்லோரும் உண்டு முடித்ததும் பாத்திரம் துலக்க, துலக்கி முடித்ததும் மாலைத் தேநீர் வைக்க, பொழுது சாய்ந்துவிடுகிறது. ஊர் திரும்பிய பின், "உதகை எப்படி இருந்தது?" என்று அண்டை வீட்டார் கேட்டால், "நல்ல குளிர்" என்பதற்கு மேல் அவரிடம் சொல்ல ஏதும் இருப்பதில்லை. அந்தக் குளிரும், கைகளைச் சில்லிட வைத்த பாத்திரம் துலக்கும் நீரால் அவர் அறிந்ததே!

நம் ஊர்களில் பெண்கள் காற்று வாங்க உலாவும் வழக்கம் மிகக் குறைவு. ஆண்களுக்குக் கடைத்தெரு உண்டு, கடற்கரை உண்டு, பள்ளிவாசல் திண்ணை உண்டு. பெண்களுக்கு மொட்டைமாடியே திறந்தவெளி. நாற்பது வயதிலேயே முழங்கால் வலியும் நீரிழிவும் வந்துவிட்ட பெண்களை உறவினர் வீடுகளிலெல்லாம் காண்கிறோம். மருத்துவர் "தினமும் நடங்கள்" என்கிறார். எங்கே நடப்பது? அறிந்தவர் கண்கள் சூழ்ந்த தெருவில் நடக்கக் கூச்சம். அறிந்தவர் எவருமில்லாத மலைப்பாதையில், கணவரும் மக்களும் உடன்வர, ஒரு பெண் மூச்சு முட்டாமல் நெடுந்தூரம் நடக்கக்கூடிய வாய்ப்பு ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கிறது. அந்த வாய்ப்பையும் அடுப்பு பறித்துக்கொள்ள விடலாமா?

வழி இல்லாமல் இல்லை. முதல் நாளைக்கு வீட்டிலிருந்தே கட்டுச்சோறு கொண்டு செல்லலாம். காலையில் ரொட்டியும் பழமும் போதும். சிறுமலையிலும் கொடைக்கானல் மலையிலும் விளையும் மலைவாழைப்பழத்தின் சுவைக்கு ஈடு உண்டா? நண்பகலில் காய்கறி உணவு எந்த ஊரிலும் கிடைக்கும். சமைத்தே ஆகவேண்டும் என்றால், ஒருவேளை ஆண்கள் சமைக்கட்டும். நிக்காஹ் விருந்துக்கு நூறு பேருக்குப் பிரியாணி ஆக்கும் கை ஆணின் கைதானே? மலைமேல் மட்டும் அக்கை ஏன் ஓய்வு கொள்ள வேண்டும்? இரண்டு நாள் எளிய உணவு உண்பதால் எவரும் இளைத்துவிடப் போவதில்லை. குடும்பப் பயணம் என்று பெயரிட்டபின் குடும்பத்தின் பாதிப்பேர் பணியாளர்களாகச் செல்வது முறையன்று.

பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை

கைப்பேசித் திரையைக் குனிந்து பார்த்தே வளரும் தலைமுறை இது. மலையிலும் அவர்கள் குனிந்தே இருக்கின்றனர் என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். நிமிர்ந்து பார்ப்பதற்கு நாம் எதையேனும் கொடுத்தோமா?

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் ஆகியோரின் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. வளைவுக்கு வளைவு பெயர்ப்பலகையைப் படித்து, அவர் யார் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டே சென்றால், பயணமே தமிழ் வகுப்பாகிவிடும். கொல்லிமலையின் 70 வளைவுகளில் ஏறும்போது, அம்மலையை ஆண்ட வல்வில் ஓரியின் கதையைப் பெரியவர் ஒருவர் சொல்லலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டரை ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் கடக்கும் மலை இரயிலில், பற்சக்கரம் தண்டவாளத்துப் பற்களைப் பற்றி ஏறும் விந்தையைக் காட்டலாம். 2005இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டதன் காரணம், வேறெவரும் விளக்காமலேயே பிள்ளைகளுக்கு விளங்கும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் மலைச்சரிவுகளை நீலமாக்கியது. அடுத்து அது பூக்கவேண்டிய ஆண்டு 2030. இன்று பத்து வயதிலுள்ள குழந்தையிடம் அச்செடியைக் காட்டி, "நீ கல்லூரிக்குச் செல்வதற்குள் இது பூத்துவிடும், மீண்டும் வந்து காண்போம்" என்று சொன்னால், அக்குழந்தைக்கு மலையோடு ஓர் உறவு ஏற்படும். இரவில் விடுதி முற்றத்தில் நின்று விண்மீன்களைக் காட்டலாம். மூன்று தலைமுறையும் ஒரு பாதையில் ஒரே நடையில் நடக்கும்போது, வீட்டில் பேசப்படாத செய்திகள் தாமே பேச்சில் வரும். விடுப்பு முடிந்து வாப்பா விமானமேறிய பின்னும் பிள்ளையிடம் தங்குவது அந்தப் பேச்சே, நிழற்படம் அன்று.

விருந்தினர் முறை

மலை நமக்குத்தான் கோடை வாசம். அங்கே வாழ்வோர்க்கு அது பிறந்த மண். நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்னும் தொல்குடியினர் உள்ளனர், படுகர் உள்ளனர். கொடைக்கானல் மலையில் பளியரும் புலையரும் வாழ்கின்றனர். ஏற்காடு, கொல்லிமலை, சவ்வாது மலைகளில் மலையாளி என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். பிறர் வீட்டுக்கு விருந்து சென்றால், கூடத்தில் குப்பையைக் கொட்டுவோமா? அவர் குடிக்க வைத்த நீரை வீணாக்குவோமா? பாதி இரவில் கூச்சலிடுவோமா? மலையிலும் அதே ஒழுங்கு வேண்டும். விருந்தோம்பலைப் பண்பாடாகக் கொண்ட நாம், விருந்தினராக நடந்துகொள்ளும் பண்பையும் கற்றாக வேண்டும்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 சனவரி 1 முதல் தமிழ்நாடு முழுவதும் தடை உள்ளது. சட்டத்துக்கு அஞ்சுவதைவிட, அது சென்று சேரும் இடத்தை எண்ணுவது மேல். உச்சியிலுள்ள சோலைக்காடும் புல்வெளியும் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சிவைத்து, கோடையிலும் சிறுகச் சிறுக ஓடையாக வெளிவிடுகின்றன. நீலகிரியில் ஊறிய நீர் பவானியாகவும் மோயாறாகவும் இறங்கிக் காவிரியில் கலக்கிறது. பழனி மலையின் ஓடைகள் தெற்கே வைகைக்கும் வடக்கே அமராவதிக்கும் நீர் ஊட்டுகின்றன. மலையில் நாம் வீசிய குப்பை, நாம் ஊர் திரும்பிய பின்னர், நம் குடிநீர் வரும் வழியிலேயே இறங்கி வருகிறது. குரங்குக்குத் தின்பண்டம் கொடுத்து மகிழ்வதும் தவறே. அது காட்டு உணவை மறந்து சாலையோரத்துக்கு வந்து சக்கரத்தில் சிக்கி மடிகிறது.

தீயைப் பற்றியும் ஒரு சொல். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத் தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோடையில் காய்ந்த புல் ஒரு பொறிக்கும் பற்றும். வழியோரம் அடுப்பு மூட்டுவதும் புகைத்த துண்டை எறிவதும் கொலைக்கு ஒப்பான செயல்கள். காட்டுப்பாதையில் நடக்க விரும்பும் இளைஞர்கள் வனத்துறையின் அனுமதியோடும் வழிகாட்டியோடும் மட்டுமே செல்ல வேண்டும். அதற்கெனத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் வகுக்கப்பட்டன. அவ்வழிகளில் உள்ளூர் இளைஞர்களே வழிகாட்டிகள். செங்குட்டுவனுக்கு வாய்த்தது போல, மலையை அறிந்தவரின் வாயால் மலையைக் கேட்கும் வாய்ப்பு இது.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

"வெயிலுக்கு ஒதுங்கப் போகும் இரண்டு நாளில் இத்தனை விதிகளா? மகிழ்ச்சியாக இருந்துவிட்டு வரக்கூடாதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. நான் கூறுவது மகிழ்ச்சியைக் குறைக்கும் வழியன்று; பெருக்கும் வழி. நெரிசலில் சிக்கி நிற்பதில் மகிழ்ச்சி உண்டா? களைத்து ஊர் திரும்பி, களைப்பு நீங்க மீண்டும் இரண்டு நாள் படுத்துக் கிடப்பதில் மகிழ்ச்சி உண்டா?

செலவும் ஒரு தடையே. அதற்காகவே, எல்லோரும் மே மாதத்தில் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் மட்டுமே செல்ல வேண்டும் என்னும் எண்ணத்தைக் கைவிடலாம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியினர்க்கு ஏலகிரி அருகிலேயே உள்ளது, சேலத்தார்க்கு ஏற்காடு, திண்டுக்கல்லார்க்குச் சிறுமலை, நாமக்கல், திருச்சியினர்க்குக் கொல்லிமலை. உயரம் குறைவு, ஆதலால் குளிரும் சற்றுக் குறைவு. ஆயினும் பேருந்தில் காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடலாம். பெருஞ்செலவில் ஆண்டுக்கு ஒருமுறை செல்வதைக் காட்டிலும், சிறுசெலவில் இருமுறை செல்வது நலம்.

இன்னொன்றையும் நாம் மறந்துவிடக் கூடாது. 2024 ஏப்ரல் இறுதியில் உதகையிலேயே வெப்பம் 29 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. அங்கே அது வழக்கத்துக்கு மிக மாறான வெப்பம். வெயிலிலிருந்து தப்பி நாம் ஓடும் இடத்தை நோக்கி வெயிலும் ஏறி வருகிறது. சோலைகளை அழித்து, சரிவுகளில் விடுதிகளை அடுக்கி, ஆயிரக்கணக்கான வாகனங்களின் புகையை நாள்தோறும் ஊதிக்கொண்டிருந்தால், நம் பேரர்க்கு ஒதுங்க மலை இருக்கும், குளிர் இராது.

நிறைவாக

பெரியோர்களே! அடுத்த கோடையில் குடும்பத்தோடு மலைக்குப் புறப்படும்போது, அடுப்பை வீட்டிலேயே பூட்டிவைத்துவிட்டு, அதன் முன் நின்றவரை அழைத்துச் செல்லுங்கள். காண வேண்டிய இடங்களைக் குறையுங்கள்; நடக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். மகளையும் மருமகளையும் முன்னே நடக்க விட்டு, நீங்கள் பேரனின் கைபிடித்துப் பின்னே செல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே! குறிஞ்சியை ஏட்டில் கற்றீர்கள். வீட்டார் பயணத்துக்குத் திட்டமிடும்போது அரசுப் பேருந்தையோ இரயிலையோ நாடலாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். அங்கே ஒரு மரத்தின் பெயரையேனும், ஒரு பூவின் பெயரையேனும் அம்மண்ணின் மனிதரிடம் கேட்டறிந்து வாருங்கள். சமைக்கும் முறை வந்தால் வெங்காயம் அரிவதற்கு நீங்களே முதலில் கை நீட்டுங்கள்.

மலை உயர்ந்து நிற்பது நம்மை உயர்த்துவதற்கே. ஏறும்போது சுமை குறைவாக இருக்கட்டும். இறங்கும்போது, நாம் சென்று வந்ததற்கு அடையாளமாக அங்கே எதுவும் எஞ்சாதிருக்கட்டும்.